தனுஷ்கோடிப் படங்களை எடிட் பண்ண எவ்வளவு ரேம் வாங்குவது?

16 ஜிபி. பொழுதுபோக்காகப் படம் எடுத்து வீட்டில் உட்கார்ந்து எடிட் பண்ணுகிற பெரும்பாலோருக்கு இதுதான் பதில், அவசரமாக இருந்தால் இதோடு கடைக்குக் கிளம்பிவிடலாம். ஆனால் இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் எடுக்கிற படங்களில் சில வகை இருக்கின்றன, அவற்றுக்கு 16 பத்தாது. வேறு சிலர் கையில் இருக்கிற 8 ஜிபியை வைத்தே ஓட்டலாம், காசை வேறு சாமானில் போடுவது அவர்களுக்கு நல்லது. நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்கள் கம்ப்யூட்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரத்தை இப்போது கட்டாயம் செலவழியுங்கள் என்பேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை மளமளவென்று ஏறியது, சிப் தயாரிக்கிற கம்பெனிகள் ஏஐ டேட்டா சென்டர்களுக்குத் தள்ளிவிட ஆரம்பித்ததில் நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற சரக்கு குறைந்துபோனது. முன்பெல்லாம் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு மடங்காக வாங்கிப் போட்டாலும் பெரிதாகக் கை கடிக்காது, இன்றைக்கு அப்படி இல்லை.

வலையைச் சுருட்டி வைக்கக் கொட்டகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கிழிசல் பார்த்துத் தைக்க மணலில் விரித்துப் போட இடம் வேண்டும். ஹார்ட் டிஸ்க், சுழலாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி எல்லாம் கொட்டகை, ரேம்தான் அந்த மணல். இடம் பத்தாவிட்டால் கம்ப்யூட்டர் கொஞ்சம் விரிக்கும், சுருட்டி டிஸ்க்கில் போடும், அடுத்ததை எடுக்கும். வேலை நிற்காது, ஆனால் இழுத்துக்கொண்டே போகும். எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: டிடிஆர்4-3200 என்கிற வகை ரேம் ஒரு ஸ்டிக்கில் (ஒரு ரேம் பலகையில்) நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும், எஸ்எஸ்டியில் வேகமான வகையான என்விஎம்இ 3 ஜிபி சுமாருக்குத் தரும், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கோ 100, 150 எம்பியில் நின்றுவிடும். அதனால் உங்கள் கம்ப்யூட்டரில் இன்னும் சுழலும் டிஸ்க்தான் என்றால் ரேமைப் பற்றி யோசிக்கும் முன் எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் பத்தாத நேரத்தில்கூட அது உங்களைக் காப்பாற்றும். லேப்டாப் விளம்பரத்தில் 512 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் இந்த டிஸ்க்தான், பக்கத்தில் சின்னதாக 8 அல்லது 16 என்று இருப்பதுதான் ரேம்.

சரி, ஒரு படம் எவ்வளவு இடம் பிடிக்கும்? 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் என்றால் 6000-க்கு 4000, மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். கார்டில் அதன் ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ஃபைல், 25, 30 எம்பி அளவில்தான் இருக்கும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதோ ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். எடிட்டரில் திறந்தவுடன் விட்டுப்போன நிறங்கள் கணக்கிட்டு நிரப்பப்படும், 16 பிட்டில் ஒரு நிறத்துக்கு 2 பைட், ஒரு புள்ளிக்கு 6 பைட். பெருக்கினால் 144 எம்பி. லேயரை, அதாவது படத்தின் அடுக்கை, நகலெடுத்து அதன் மேல் வேலை பார்த்தால் இன்னொரு 144. கர்வ்ஸ், லெவல்ஸ் மாதிரி வெளிச்சம், நிறம் மாற்றுகிற அட்ஜஸ்ட்மென்ட் லேயராகச் சேர்த்தால் மாஸ்க் (மாற்றம் எங்கே தெரிய வேண்டும் என்று காட்டுகிற மறைப்பு) அளவுக்குத்தான் இடம் போகும், இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் அன்டூ செய்வதற்காக முந்தைய நிலைகளையும் ஃபோட்டோஷாப் பிடித்து வைக்கும், வழக்கமாக 50 நிலை. ஒரு தூரிகைத் தீற்றலுக்கு மாறிய துண்டை மட்டும்தான் வைக்கும், படம் முழுக்க ஒரு ஃபில்டர் ஓட்டினால் முழுப் படமும் இன்னொரு தடவை உட்காரும்.

டார்க்டேபிள் என்கிற ரா எடிட்டர் இலவசம்தானே, லேசாக ஓடும் என்று நினைத்துப் பழைய 4 ஜிபி லேப்டாப்பில் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது உள்ளுக்குள் ஒரு புள்ளிக்கு 16 பைட் வைத்துக் கணக்குப் போடுகிறது, அதே 24 மெகாபிக்சல் படம் அங்கே ஒரு நகலுக்கு 384 எம்பி. இடம் இல்லையென்றால் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்து முடித்துவிடும், படத்துக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் பொறுமைதான் போகும்.

இந்தக் கணக்கிலிருந்து தெரிவது, எத்தனை படம் எடுத்தீர்கள் என்பதற்கும் ரேமுக்கும் அதிகம் சம்பந்தம் கிடையாது, ஒரே நேரத்தில் எத்தனை படத்தை விரிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் கரையில் எல்லோரும் எடுக்கிற மூன்று விதப் படங்களை வைத்துப் பார்ப்போம்.

தை, மாசியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள உப்புத் தண்ணீரில் பூநாரைகள் இறங்கும். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டது, நீளமான லென்ஸோடு தள்ளி நின்று எடுங்கள், கூட்டத்தைக் கிளப்பிவிட வேண்டாம். கூட்டம் தானாக எழும்பும்போது விரலை எடுக்காமல் அமுக்கினால் ஒரு காலையில் ஆயிரம் படம்கூடச் சேரும். பயப்பட ஒன்றுமில்லை. லைட்ரூம் என்கிற எடிட்டரோ டார்க்டேபிளோ அவற்றை ஒவ்வொன்றாகத்தான் திறக்கிறது, நீங்கள் ஒவ்வொன்றாகத்தான் கழிக்கிறீர்கள், 16 ஜிபியில் தாராளமாக நடக்கும், 8 ஜிபியிலும் பிரௌசரை மூடி வைத்தால் நடக்கும். இந்த வேலையில் மெதுவாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க், அல்லது ப்ரிவ்யூ (சீக்கிரம் பார்ப்பதற்கான நகல்) முன்கூட்டியே உண்டாக்காமல் விட்டதுதான் காரணம். விடியலில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படத்தின் புள்ளித் தூசியை ஏஐ டீநாய்ஸ் வைத்து எடுக்கிறீர்கள் என்றால் அது கிராபிக்ஸ் கார்டின் வேலை, 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த டீநாய்ஸும் அப்படித்தான். அதற்காக ரேமை 64 ஆக்கினாலும் பெரிதாக வேகம் வராது.

அடுத்தது பாம்பன். ரோட்டுப் பாலத்தில் நின்று 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தை, அந்த 72.5 மீட்டர் தூக்குப் பகுதி நடுவில் வருகிற மாதிரி, இரண்டு பக்கக் கடலோடும் சேர்த்து எடுக்க ஆசைப்படாதவர் யார்? கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து எட்டுப் படம், ஒன்றுக்கொன்று 30 சதவீதம் ஒட்டுகிற மாதிரி எடுத்தால், சேர்ந்து வருகிற படம் 23,600-க்கு 6000 புள்ளிகள் அளவில் இருக்கும், 14 கோடிக்கு மேல். அது மட்டும் 16 பிட்டில் 850 எம்பி. சேர்க்கும்போது மூலப் படங்கள் எட்டும் 1,152 எம்பியோடு கூடவே உட்கார்ந்திருக்கும், நீட்டி வளைத்த நகல்கள், மாஸ்க்குகள், அன்டூ எல்லாம் அதற்கு மேல். 8 ஜிபி மெஷின் இங்கேதான் மூச்சு வாங்கும். 16-இல் நடக்கும். இதே படத்தை ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் மாற்றி மும்மூன்றாக எடுத்து, வெள்ளை மணலும் இருண்ட தூண்களும் இரண்டும் தெரிகிற மாதிரிச் சேர்க்கிறவர்கள், அல்லது 45 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவர்கள், அதில் எல்லாமே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பதால், 32-க்குப் போவது நியாயம். இதை மாதத்தில் ஒரு தடவையாவது செய்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒரு பனோரமாவுக்காக இன்னொரு 16 ஜிபி வாங்க வேண்டாம், அன்றைக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

மூன்றாவது நட்சத்திரக் கோடுகள். தனுஷ்கோடியில் பொழுது சாய்ந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் மண்டபம் வடகரை மாதிரி வேறு இடம்தான் பார்க்க வேண்டும். வடக்கே கடலைப் பார்த்து நின்றால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே சுமார் 9 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், நம் அட்சரேகை அவ்வளவுதான், அதைச் சுற்றி வளைகிற கோடுகள் பாதி தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி வரும். கண்ணைப் பறிக்கும். 30 நொடிப் படங்களாக 200 எடுத்தால் 100 நிமிஷம். அவை எல்லாவற்றையும் ஃபோட்டோஷாப்பில் லேயராக அடுக்கினால் 200 தடவை 144, அதாவது 28.8 ஜிபி, 32 ஜிபி மெஷினுக்கே திணறும். இதைப் பார்த்துத்தான் சிலர் 64 வாங்கப் போகிறார்கள். ஸ்டார்ஸ்டாக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அது கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு அடுத்ததைத் திறந்து, எங்கெல்லாம் அதிக வெளிச்சமோ அதை எடுத்துக்கொண்டு, திறந்ததை மூடிவிடும். எந்த நேரத்திலும் இரண்டு மூன்று படத்துக்கான இடம் போதும், 8 ஜிபி லேப்டாப்பிலேயே முடியும். பல ஆயிரம் ரூபாய் மிச்சம், அதுவும் செய்கிற முறையை மாற்றியதால் மட்டும்.

இப்போது அளந்து பார்க்கிற வேலை. நீங்கள் வழக்கமாகச் செய்வதிலேயே மிகக் கனமான எடிட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சும்மா ஒரு ஜேபெக்கைத் திறந்து பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. எப்போதும் போல யூடியூபில் பாடம் ஒரு பக்கம், வாட்ஸ்அப் வெப் ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும், விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3, 4 ஜிபி எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில்தான் எல்லாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டுங்கள். இன் யூஸ் என்பது அந்த நேரத்தில் உண்மையாகப் பிடித்திருக்கிற இடம். கமிட்டட் என்பது புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வைத்திருக்கிற இடம். எடிட்டின் உச்சத்தில், பனோரமா சேரும்போதோ பெரிய ஃபில்டர் ஓடும்போதோ, இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கமிட்டட் எண் உங்களிடம் இருக்கிற ரேமைத் தாண்டிப் போய், இன் யூஸ் 90 சதவீதத்தை ஒட்டி நின்று, அதே நேரம் டிஸ்க் வரைபடமும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ரேம் பத்தவில்லை, சந்தேகமே வேண்டாம். இன் யூஸ் மட்டும் அதிகம், டிஸ்க் அமைதி என்றால் இன்னும் முட்டவில்லை.

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நேரான வழி உண்டு. படச் சன்னலின் அடியில் இருக்கிற சின்ன அம்புக்குறியைத் தட்டி எஃபிஷியன்சியைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதம் என்று நின்றால் எல்லாம் ரேமுக்குள்ளேயே நடக்கிறது, அதற்குக் கீழே இறங்கினால் டிஸ்க்கைத் தொட ஆரம்பித்துவிட்டது. எப்போதாவது இறங்கினால் விட்டுவிடுங்கள், வேலை முழுக்க இறங்கியே கிடந்தால் வாங்க வேண்டியதுதான். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடத்தின் நிறத்தைப் பாருங்கள், பச்சையாக இருந்தால் கவலை இல்லை.

குறித்த கமிட்டட் எண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள், அதற்கு மேலே கடையில் கிடைக்கிற அளவுதான் உங்களுடையது. உச்சம் 9 ஜிபி என்றால் 12 வருகிறது, 16 வாங்குங்கள். உச்சம் 14 என்றால் 19-ஐ நெருங்குகிறது, 24 அல்லது 32. ஒரு வருஷத்துக்குள் கேமரா மாற்றுகிற எண்ணம் இருந்தால் புதுக் கேமராவின் மெகாபிக்சலை வைத்துக் கணக்கை ஏற்றிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் செட்டிங்ஸை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஃபோட்டோஷாப் வழக்கமாகக் கிடைக்கிற ரேமில் 70 சதவீதம் வரைதான் எடுத்துக்கொள்ளும், அதைக் கொஞ்சம் ஏற்றலாம், 100-க்குக் கொண்டுபோக வேண்டாம், விண்டோஸுக்கு இடம் இல்லாமல் எல்லாமே நின்றுவிடும். ஹிஸ்டரியை, அதாவது அந்த அன்டூ நிலைகளை, 50-லிருந்து 20 ஆக்கினாலே பழைய மெஷினில் வித்தியாசம் தெரியும். கிம்ப் என்கிற இலவச எடிட்டரில் எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்பதற்கு டைல் கேச் என்று ஒரு அளவு இருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள்.

லேப்டாப் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இதுல ரேம் ஸ்லாட் இருக்கா, போர்டுலயே ஒட்டியிருக்கா?" மெல்லிசான லேப்டாப்களில் நிறைய போர்டிலேயே பற்றவைத்து வருகின்றன, அப்புறம் ஏற்றவே முடியாது. டாஸ்க் மேனேஜரில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் ஒட்டியதுதான், எஸ்ஓடிம் என்று இருந்தால் கழற்றலாம், ஸ்லாட் எத்தனை, எத்தனை காலி என்றும் அங்கேயே இருக்கும். கடையில் டெமோ பீஸிலேயே இதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. ஒட்டிய 8 ஜிபி லேப்டாப்பை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், எடிட்டிங்குக்கு வாங்காதீர்கள். இதில் நான் கொஞ்சம்கூட இறங்கிவர மாட்டேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான இடமும் அந்த 8-லிருந்துதான் போகும், கையில் மிஞ்சுவது 7 சொச்சம். ஆப்பிள்கூட 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப அளவை 8-லிருந்து 16 ஆக்கிவிட்டது, அதிலும் பின்னால் ஏற்ற வழி கிடையாது. 8 ஒட்டியது, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலி என்று வருகிற லேப்டாப் நல்ல தேர்வு. இன்று ஒரு 8 போட்டு 16 ஆக்கலாம், தேவைப்பட்டால் ஒரு 16 போட்டு 24 ஆக்கலாம், இரண்டும் சமமாக இல்லாவிட்டாலும் ஓடும்.

டெஸ்க்டாப்பில் இவ்வளவு தலைவலி இல்லை. இரண்டு 8 ஜிபியா, ஒரு 16 ஜிபியா என்றால், இரண்டு ஸ்டிக்காகப் போடும்போது இரண்டு வழியிலும் சேர்ந்து தகவல் போய்வரும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் அது தெரியவே தெரியும். இரண்டே ஸ்லாட் இருந்து, பின்னால் 32 ஆக்கும் எண்ணமும் இருந்தால் மட்டும் ஒரு 16-ஆக வாங்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று ஏறாது, காடி வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், அழுத்திப் பார்க்காதீர்கள். மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போகிறவர்கள் பழைய ஸ்டிக்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது உத்தமம், அல்லது அதன் ஸ்டிக்கரைத் தெளிவாகப் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். கலர் விளக்கு எரிகிறது, வேகம் இன்னும் அதிகம் என்று எடுத்துக் காட்டுவதற்கெல்லாம் கூடக் காசு கொடுக்க வேண்டாம், படம் எடிட் பண்ணும்போது அளவுதான் பேசும்.

அப்புறம் உப்பு. தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ சன்னல் கம்பியே துருவேறிப் பொரிந்து நிற்கிற வீட்டில், அதே காற்றைத்தான் கம்ப்யூட்டரின் விசிறியும் உள்ளே இழுக்கிறது. ரேமின் அடிவிளிம்பில் இருக்கிற தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஈரமும் உப்பும் படிந்தால் தொடர்பு விட்டுப்போய், ஆன் பண்ணினால் பீப் மட்டும் வரும், திரை வராது. இதைப் பார்த்துவிட்டு ரேம் போய்விட்டது என்று புதிதாக வாங்கிவிடாதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் துண்டித்து, இரும்பு எதையாவது தொட்டு உடம்பின் மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பையும் விரித்து ஸ்டிக்கை எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அந்தத் தங்கப் பட்டைகளை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தால் மங்கல் போய்ப் பளிச்சென்று வரும். ரப்பர் தூள் ஒன்றுகூட ஒட்டியிருக்காமல் தட்டிவிட்டு, விரல் படாமல் விளிம்பைப் பிடித்து, கிளிப் டக்கென்று பூட்டுகிற வரை அழுத்துங்கள். பல சமயம் இதிலேயே சரியாகிவிடும். மெஷினைக் கடலைப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பது இதைவிட நல்லது.

டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லாமல் வேலை செய்கிறவர்கள் ரேமுக்குப் போடுகிற காசில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். கரண்ட் போன நொடியில் ரேமில் இருப்பது அத்தனையும் போய்விடும், சேமிக்காத இரண்டு மணி நேர வேலையும் சேர்த்து.

புது ஸ்டிக் போட்ட பிறகு, குறிப்பாக செகண்ட் ஹேண்டாக வாங்கியது என்றால், ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். கெட்டுப்போன ரேம் எப்போதும் மெஷினை நிறுத்திக் காட்டிக்கொடுக்காது. கார்டிலிருந்து படங்களை நகலெடுக்கும்போது அவை ரேம் வழியாகத்தான் போகின்றன, வழியில் ஓரிரு பிட் மாறினால் படத்தின் பாதியில் ஒரு பட்டை நிறம் மாறி இருக்கும், அல்லது ஃபைல் திறக்காது, அதை நீங்கள் கவனிப்பதற்குள் கார்டை ஃபார்மேட் பண்ணியிருப்பீர்கள். அதனால் புது ரேம் போட்டு முதலில் ஏற்றுகிற சில கார்டுகளை, படங்களை ஒவ்வொன்றாக முழு அளவில் திறந்து பார்த்த பிறகே அழியுங்கள். மெம்டெஸ்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும், ஒழுங்காகப் பொருத்தி ரப்பர் போட்டுத் துடைத்த பிறகும் வந்தால், பில்லோடு அந்த ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.